யாரோடு ஒப்பிட்டு? ரத்த வகையும் வைரஸும்

மரக்காணத்து உப்பளங்களில் தண்ணீர் ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்கு நகர நகரக் கனத்துக்கொண்டே போகும். கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு. பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர் வெயிலுக்குப் போன பிறகுதான் அடியில் உப்பு பூக்கத் தொடங்கும். அந்தக் கடைசிப் பாத்தியில் கொசுப்புழு பிழைக்காது. ஆனால் உப்பளத்தை ஒட்டிய குப்பங்களில், நிலத்தடி நீர் உவர்ந்துபோனதால் குழாய்த் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும் பிளாஸ்டிக் டிரம்மில் அது நன்றாகவே பிழைக்கும். டெங்குவையும் சிக்குன்குனியாவையும் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. மூடாமல் விட்ட நல்ல தண்ணீர் அதற்குப் போதும். ஒரே கூரை, ஒரே டிரம், ஒரே கொசு. அண்ணனுக்குக் காய்ச்சல் கண்டு தட்டணுக்கள் இறங்குகின்றன. தம்பி தெருவில் விளையாடிக்கொண்டிருக்கிறான். முன்பு அம்மை காலத்தில் இதற்கு 'ஆத்தா விளையாட்டு' என்று பெயர். இப்போது கைவசம் இருக்கும் விடை வேறு: 'அண்ணனுக்கு ஓ பாசிட்டிவ், கொசுவுக்கு அந்த ரத்தம் பிடிக்கும்.' பள்ளிக்கூட அடையாள அட்டையிலும் ஓட்டுநர் உரிமத்திலும் ரத்த வகை அச்சாகி வருவதால் ஜாதகக் கட்டம் போல அதுவும் ஒரு கட்டமாகிவிட்டது. எந்த நோய்க்கும் அதைப் புரட்டிப் பார்க்கிறோம்.

இந்தப் பழக்கத்தை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது. ரத்த வகைக்கும் சில வைரஸ்களுக்கும் இடையில் உறவு உண்டு. சில இடங்களில் அது ஆணித்தரமாகவே நிறுவப்பட்டிருக்கிறது. ஆனால் அந்த உறவு இரண்டு வெவ்வேறு விதமான சான்றுகளிலிருந்து வருகிறது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்துவதில்தான் குழப்பம் தொடங்குகிறது. ஒன்று, வைரஸ் உடலுக்குள் நுழையப் பற்றிக்கொள்ளும் பிடியே ரத்த வகைச் சர்க்கரையாக இருக்கும் இடம். அங்கே விளைவு பெரியது, சில சமயம் உண்டு அல்லது இல்லை என்கிற அளவுக்கு. மற்றது, நோயாளிகளின் ரத்த வகையை எண்ணி, நோயில்லாதவர்களின் ரத்த வகையோடு ஒப்பிட்டுக் கண்ட வேறுபாடு. அங்கே கிடைக்கும் எண்ணிக்கை நோயைப் பற்றிச் சொல்வதைவிட, நாம் யாரோடு ஒப்பிட்டோம் என்பதைப் பற்றியே அதிகம் சொல்கிறது. இந்த இரண்டாவது வகைச் சோதனை ஒன்று சென்னையிலேயே, பெரியம்மை காலத்தில் நடந்தது. அது இன்று ஏறக்குறைய மறக்கப்பட்டுவிட்டது. கோவிட் காலத்தில் அதை யாராவது நினைவுபடுத்தியிருந்தால் பல தலைப்புச் செய்திகள் கொஞ்சம் அடங்கியிருக்கும்.

முதலில் ரத்த வகை என்பது என்ன பொருள் என்று பார்த்துவிடலாம். ரத்த வங்கியில் வெள்ளை ஓட்டின்மேல் இரண்டு சொட்டு ரத்தம் வைத்து, ஒன்றில் நீல நிற ஆன்டி-ஏ திரவத்தையும் இன்னொன்றில் மஞ்சள் நிற ஆன்டி-பி திரவத்தையும் விட்டுக் குச்சியால் கலக்குவார்கள். ஓட்டைச் சாய்த்துச் சாய்த்து ஆட்டினால் சற்று நேரத்தில் பால் திரிவதுபோல் எந்தச் சொட்டு திரிகிறதோ அதுதான் வகை. இரண்டும் திரிந்தால் ஏபி, இரண்டும் திரியாவிட்டால் ஓ. திரியவைப்பது சிவப்பணுவின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் சர்க்கரைச் சங்கிலியின் நுனி. எச் என்ற அடிச்சங்கிலி ஏறக்குறைய எல்லோருக்கும் பொது. அதன் நுனியில் ஒரு சர்க்கரை சேர்ந்தால் ஏ, வேறொன்று சேர்ந்தால் பி, ஒன்றும் சேராவிட்டால் ஓ. இந்தச் சங்கிலிகள் ரத்தத்தில் மட்டும் இல்லை. ஐந்தில் நான்கு பேருக்கு எச்சிலிலும் குடல் சுவரின் கோழையிலும் அவை சுரக்கின்றன; எஃப்யூடி2 என்ற மரபணு பழுதான மீதிப் பேருக்குச் சுரப்பதில்லை. இவர்களைச் சுரக்காதவர் என்று சொல்லிக்கொள்வோம். அடையாள அட்டையில் இதற்குக் கட்டம் கிடையாது. ஆனால் வைரஸ்களைப் பொறுத்தவரை ஏ, பி, ஓ எழுத்துகளைவிட இந்தச் சுரத்தலே பெரிய செய்தி.

நோரோவைரஸ் இதற்கு நல்ல உதாரணம். 1968இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்து நார்வாக் என்ற ஊரில் ஒரு பள்ளியில் வாந்தியும் பேதியுமாகப் பரவி, அந்த ஊரின் பெயரையே பெற்ற வைரஸ் இது. பின்னாளில் தன்னார்வலர்களுக்கு இந்த வைரஸைக் குடிக்கக் கொடுத்துப் பார்த்தார்கள். 2003இல் வெளியான ஆய்வில் சுரக்காதவர்கள் ஒருவருக்கும் தொற்று ஏற்படவில்லை. குடலில் பிடித்துக்கொள்ளக் கொம்பு இல்லாததால் கொடி வழுக்கி விழுந்துவிட்டது. இன்னொரு உதாரணம் பார்வோ பி19: குழந்தைகளுக்குக் கன்னம் சிவக்க வைக்கும் சாதாரணத் தொற்று. இது சிவப்பணுவாக வளரவிருக்கும் செல்லுக்குள் நுழையப் பற்றுவது பி (P) ஆன்டிஜன் என்ற வேறொரு ரத்த வகைப் பொருளை. பிறவியிலேயே அது இல்லாத மிக அரிய மனிதர்களை இந்த வைரஸ் தொற்றுவதில்லை என்று 1994இல் காட்டப்பட்டது. இரண்டிலும் புள்ளிவிவர மாயத்துக்கு இடமில்லை. பூட்டு இல்லாத வீட்டில் சாவிக்கு வேலையில்லை.

இந்த இடத்தில் நம் நாட்டுப் பங்களிப்பு ஒன்றும் உண்டு. 1952இல் ஒய்.எம். பெண்டேயும் உடன் உழைத்தவர்களும் மும்பையில் கண்டறிந்து வெளியிட்ட 'பாம்பே ரத்த வகை'க்காரர்களிடம் எச் அடிச்சங்கிலியே கிடையாது. இந்தியாவில் கண்ட பலரில் எஃப்யூடி2 மரபணுவும் அறுந்துபோயிருக்கிறது. நோரோவைரஸின் நார்வாக் வகைக்கு அவர்கள் உடல் மூடிய கதவு. ஆனால் விபத்தில் ரத்தம் போனால் அவர்களுக்கு ஓ ரத்தமும் ஏற்றக்கூடாது. தங்களைப் போலவே அரிதான இன்னொருவரைத்தான் தேட வேண்டும். எந்த ரத்த வகை நல்லது என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதிலடி கிடைப்பது கடினம்.

ரோட்டாவைரஸில் விஷயம் இன்னும் நம் வாசலுக்கு வருகிறது. கைக்குழந்தைகளைப் பேதியால் வாட்டும் இந்த வைரஸின் பல வகைகள், அவை பற்றும் சர்க்கரையைக் கொண்டே பிரிகின்றன. பி8 (P8) வகை சுரப்பவர்களின் குடலை நாடும். ஆப்பிரிக்காவின் புர்கினா ஃபாசோவில் குழந்தைகளைப் பார்த்தபோது, லூயிஸ் என்ற ரத்த வகைப் பொருள் இல்லாதவர்களைப் பி8 தொடவில்லை, பி6 வகை தொட்டது. டில்லியில் 1980களில் எம்.கே. பான் குழு பிறந்த குழந்தைகளிடம் கண்டெடுத்த 116ஈ என்ற வைரஸ் பி11 வகை. அது நோயைத் தராமலே குடலில் வாழ்ந்தது, பின்னால் வரும் பேதியிலிருந்து காத்தது. அதுவே ரோட்டாவேக் தடுப்பு மருந்தின் மூலம். பி11 பற்றுவது முழுமை பெறாத, நுனி சேராத முன்நிலைச் சர்க்கரைச் சங்கிலியை. பச்சிளங் குழந்தையின் குடலில் அது கிடைப்பதால் அந்த வயதுக்கே இந்த வைரஸ் பழகிக்கொண்டது என்று கருதுகிறார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் ககன்தீப் காங் குழு பிறந்த குழந்தைகளின் ரோட்டாவைரஸ் தொற்றை நெடுநாள் பின்தொடர்ந்தது. 6,799 குழந்தைகளிடம் டில்லி, புனே, வேலூர் மூன்று இடங்களில் நடந்த ரோட்டாவேக் சோதனையிலும் பங்கெடுத்தது. 2014இல் வந்த முடிவு, கடும் ரோட்டா பேதியில் பாதியைச் சற்றுத் தாண்டித் தடுத்தது என்பது. ஐரோப்பாவில் மற்ற ரோட்டா மருந்துகள் பத்தில் ஒன்பதை ஒட்டித் தடுத்தன. இந்த இடைவெளிக்குக் குழந்தைகளின் சர்க்கரை வகை ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் தாய்ப்பாலின் எதிர்ப்பொருள், குடலில் ஏற்கெனவே குடியிருக்கும் கிருமிகள், ஊட்டக்குறைவு ஆகியவையும் வரிசையில் நிற்கின்றன. ரத்த வகை சுத்தமான உயிரியல் என்பதால் முழுப் பழியையும் அதன்மேல் போட ஆசை வரும். அந்த ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும்.

இனி எண்ணிக்கைச் சான்றுக்கு வருவோம். 1962இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் சிலர் ஒரு துணிச்சலான கருத்தை முன்வைத்தார்கள்: உலகில் ஏ, பி, ஓ வகைகள் இடத்துக்கு இடம் மாறி இருப்பதற்குப் பழைய கொள்ளை நோய்களே காரணம். பெரியம்மை வைரஸில் ஏ போன்ற பொருள் இருக்கிறது. ஏ வகையினரின் உடல் அதைத் தன்னுடையது என்று எண்ணி எதிர்க்காமல் விட்டுவிடும். ஆகவே பெரியம்மை ஊன்றிய நாடுகளில் ஏ குறைந்திருக்க வேண்டும். அந்த நாடுகளில் முதலாவது இந்தியா. நம்மிடம் ஏ குறைவு, பி அதிகம் என்பது அப்போதே ஊரறிந்த செய்தி. முதல் உலகப் போரில் சலோனிகா போர்முனையில் ஹிர்ஷ்ஃபெல்ட் தம்பதி பரிசோதித்த இந்தியச் சிப்பாய்களில் 41 சதவீதம் பி என்று 1919இலேயே வெளியிட்டிருந்தார்கள். கருத்து அழகாகப் பொருந்தியது. முட்டையில் வளர்த்த வைரஸில் தெரியும் ஏ போன்ற பொருள் வைரஸுடையதா, முட்டையுடையதா என்ற சங்கடமான கேள்வி மட்டும் பாக்கி நின்றது.

அந்தக் குழுவில் ஒருவரான ஃப்ரீட்ரிஷ் ஃபோகெலும் எம்.ஆர். சக்ரவர்த்தியும் இதை நேரில் பார்க்க மேற்கு வங்க, பீகார் கிராமங்களுக்குப் போனார்கள். 1966இல் வந்த அவர்களின் முடிவு அதிர வைத்தது: தடுப்பூசி போடாத நோயாளிகளில் ஏயும் ஏபியும் எதிர்பார்த்ததைவிட மிக அதிகம், அவர்களுக்கு நோயும் கடுமை, சாவும் அதிகம். ஒப்பிட்டது யாரோடு என்பதுதான் இந்த ஆய்வின் வலிமை. ஊரில் கிடைத்தவர்களோடு ஒப்பிடவில்லை; நோய் வராத உடன்பிறப்புகளோடு ஒப்பிட்டார்கள். அண்ணன் தம்பிக்குள் சாதி வேறாக இருக்காது, வீடும் சாப்பாடும் வேறாக இருக்காது.

ஏறக்குறைய இதே சமயத்தில் சென்னையில் இன்னொரு குழு இதே கேள்வியைக் கேட்டது. தண்டையார்பேட்டை தொற்றுநோய் மருத்துவமனையின் ஏ. ராமச்சந்திர ராவ், லிவர்பூலிலிருந்து டவுனி, கொலராடோவிலிருந்து கெம்பே, மைக்கல்ஜான் ஆகியோர் அதில் இருந்தார்கள். பெரியம்மைக்கு மருந்து தேடிச் சென்னையில் சோதனைகள் நடத்தியவர்களில் இவர்களும் உண்டு. கைவசம் நோயாளிகள் ஏராளம். உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் 1965இல் வந்த அவர்களின் சிறு கட்டுரை சொன்னது சுருக்கமானது: பெரியம்மை வருவதற்கும் ரத்த வகைக்கும் உறவு காணோம், கடுமைக்கும் உறவு காணோம். மூன்று பக்கக் கட்டுரை. ஃபோகெல் கருத்துக்குக் கிடைத்த விளம்பரத்தில் பத்தில் ஒரு பங்குகூட இதற்குக் கிடைக்கவில்லை. உறவு உண்டு என்பது செய்தியாகும். இல்லை என்பது அடிக்குறிப்பாகும்.

எது சரி? வங்கத்துக்குச் சாதகமாக உடன்பிறப்பு ஒப்பீடு இருக்கிறது. தடுப்பூசி போடாதவர்களையே அவர்கள் பார்த்தார்கள் என்பதும் இருக்கிறது. ராவ் பின்னாளில் வகைப்படுத்திய 6,942 நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேர் எப்போதோ தடுப்பூசி போட்டவர்கள். தடுப்பூசி நோயின் வேகத்தை அடக்கிவிட்டால் ரத்த வகையின் மெல்லிய குரல் கேட்காமல் போகலாம் என்று வாதிட முடியும். சென்னைக்குச் சாதகமாக ஒன்று உண்டு. கடுமையைப் பார்க்க வெளியாள் தேவையில்லை. படுக்கையில் கிடப்பவர்களுக்குள்ளேயே லேசாக வந்தவர், மோசமாக வந்தவர் என்று பிரித்து ரத்த வகையைப் பார்க்கலாம். அந்த ஒப்பீட்டிலும் சென்னையில் ஒன்றும் தெரியவில்லை. அன்றியும் நோய் வராத உடன்பிறப்பு என்பவர் தப்பியவரா, இன்னும் முறை வராதவரா, சின்ன வயதிலேயே வந்து போனவரா என்பதை ஒரு கொள்ளை நோயின் நடுவில் கிராமத்துத் திண்ணையில் உட்கார்ந்து தீர்ப்பது எளிதன்று. 1975இல் இந்தியாவில் கடைசிப் பெரியம்மை நோயாளி, 1977இல் உலகில் இயற்கையாகத் தொற்றிய கடைசி நோயாளி. அதோடு வழக்கு விசாரணைக்கு வராமலே முடிந்துவிட்டது. என் சாய்வு சென்னைப் பக்கம். வங்க முடிவில் காணும் விளைவு அளவுக்கு மீறிப் பெரியது. அத்தனை பெரிய விளைவு இருந்திருந்தால் சென்னையின் கடும் நோயாளிகளிடம் அதன் நிழலாவது விழுந்திருக்கும்.

ஒப்பீட்டின்மேல் இவ்வளவு அழுத்தம் ஏன் என்று கேட்கலாம். காரணம் நம் கல்யாணப் பத்திரிகையில் இருக்கிறது. தமிழ்நாடு முழுதையும் எடுத்தால் ஓ ஏறக்குறைய நாற்பது சதவீதம், பி முப்பதைச் சற்றுத் தாண்டி, ஏ இருபதை ஒட்டி. ஆனால் இந்தச் சராசரி எந்தத் தெருவிலும் குடியிருப்பதில்லை. தலைமுறை தலைமுறையாகத் தங்களுக்குள்ளேயே பெண் கொடுத்து எடுக்கும் சமூகங்களில் ரத்த வகை விகிதம் ஒன்றுக்கொன்று வேறுபடும். மரக்காணம் கரையையே எடுத்துக்கொண்டால், கடலோரக் குப்பத்து மீனவரும் உப்பு வாரும் தொழிலாளரும் கடைத்தெரு வியாபாரியும் ஒரே கிலோமீட்டருக்குள் வாழ்ந்தாலும் சம்பந்தம் செய்துகொள்வதில்லை. மழைக்கால டெங்குவில் மருத்துவமனைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் குப்பத்துக்காரர்கள், ஒப்பிட எடுத்த ரத்ததானப் பட்டியல் கல்லூரி மாணவர்களுடையது என்று வைத்துக்கொள்ளுங்கள். வரும் வேறுபாடு டெங்குவுடையது அல்ல, திருமண வழக்கத்துடையது. ஆராய்ச்சிக் கட்டுரையில் அது வைரஸின் கணக்கில் ஏறிவிடும்.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு அண்டை ஆய்வுகளைப் பார்ப்போம். சிக்குன்குனியா தென்னிந்தியாவை மூட்டு மூட்டாகப் பிடித்த ஆண்டுகளுக்குப் பின், 2009இல் ஆந்திரத்திலிருந்து ஒரு கட்டுரை வந்தது. பாதிக்கப்பட்ட 100 குடும்பங்களில் ஆர்எச் நெகட்டிவ் ஒருவருக்கும் நோய் வரவில்லை, ஓ பாசிட்டிவ்காரர்களுக்கு அதிகம் என்றது. குடும்பத்துக்குள் ஒப்பிட்டது நல்ல காரியம். ஆனால் தென்னிந்தியாவில் ஆர்எச் நெகட்டிவ் நூறில் ஐந்து பேரை ஒட்டித்தான். அதுவும் குடும்பம் குடும்பமாகத் திரண்டு வரும். இரண்டு மூன்று நெகட்டிவ் குடும்பங்கள் தற்செயலாகத் தப்பினாலே முடிவு அப்படி அமைந்துவிடும். மேலும் ஆர்எச் சர்க்கரை அல்ல, புரதம். ஏ, பி போலப் பிறந்த சில மாதங்களில் தானாக எதிர்ப்பொருள் உண்டாவதும் இல்லை. வைரஸ் அதைப் பிடிக்கிறது என்று சொல்ல இதுவரை வழி தெரியவில்லை. டெங்குவில், இரண்டாம் முறை தொற்றும்போது ஏபி வகையினருக்கு நோய் கடுமையாகிறது என்று 2007இல் தாய்லாந்திலிருந்து சொன்னார்கள். 2018இல் யாழ்ப்பாணத்திலிருந்தும் அதே ஏபி வந்தது. இரண்டு வெவ்வேறு மக்களிடம் ஒரே எழுத்து வருவதை அலட்சியம் செய்யக்கூடாது. ஆனாலும் ஏபி பெரும்பாலும் பத்தில் ஒருவரைத் தாண்டாத வகை. சில பத்து நோயாளிகள் இந்தப் பக்கம் சாய்ந்தால் கணக்கு மாறும். கொசுவுக்கு ஓ பிடிக்கும் என்ற நம்பிக்கையின் பின்னால் 2004இல் ஜப்பானில் 64 பேரின் தோலில் ஆசியப் புலிக்கொசுவை உட்காரவிட்டுப் பார்த்த சோதனை இருக்கிறது. கடிக்காமல் இருக்கக் கொசுக்களின் உறிஞ்சுகுழாயை வெட்டிவிட்டிருந்தார்கள். ஓவுக்கும் ஏவுக்கும் இடையே வேறுபாடு தெரிந்தது, சுரப்பவர்களிடம் மட்டும். அது உட்கார்ந்த கணக்கு. குடித்த கணக்கு அல்ல, நோய் தந்த கணக்கு அதைவிட அல்ல.

கோவிட் இந்தக் கேள்வியை உலக அளவுக்கு இழுத்துச் சென்றது. 2020 ஜூனில் இத்தாலியிலும் ஸ்பெயினிலும் மூச்சுத்திணறலுக்கு ஆளான 1,980 நோயாளிகளின் மரபணுத் தொகுதியை அலசியதில் இரண்டு இடங்கள் தூக்கி நின்றன. ஒன்று ரத்த வகை மரபணு இருக்கும் ஒன்பதாம் குரோமோசோம். ஏ வகையினருக்கு ஆபத்து ஒன்றரை மடங்கை ஒட்டி, ஓ வகையினருக்கு மூன்றில் இரண்டு பங்கு. டென்மார்க்கில் சோதித்த 4,73,654 பேரில் தொற்று இருந்தவர்களில் ஓ 38.4 சதவீதம், நாட்டு மக்களில் 41.7. அதாவது நூறு பேருக்கு மூன்று பேர் வேறுபாடு. இதற்கு நேரெதிராக பிரெஞ்சு விமானந்தாங்கிக் கப்பல் ஷார்ல் தெ கோல் நிற்கிறது. கணக்கில் எடுத்த 1,688 மாலுமிகளில் 1,279 பேருக்குத் தொற்று; எந்த ரத்த வகைக்கும் சலுகை கிடைக்கவில்லை. இரண்டும் முரணல்ல என்று நினைக்கிறேன். இரும்புச் சுவர்களுக்குள் இரவு பகலாக ஒரே காற்றைச் சுவாசிப்பவர்களுக்குக் குடையால் புயலைத் தடுப்பது போன்ற பாதுகாப்பு பயன்படாது. வெளியில், எப்போதாவது எதிர்ப்படும் தூறலுக்கு அது கொஞ்சம் உதவலாம்.

அந்தக் குடை என்ன என்பதற்கு ஒரு விளக்கம் உண்டு. ஏ வகையினரின் செல்லில் பெருகி வெளிவரும் வைரஸ், ஏ சர்க்கரையை மேலே போர்த்திக்கொண்டு வரும். ஓவிலும் பியிலும் ஆன்டி-ஏ எதிர்ப்பொருள் பிறந்த சில மாதங்களிலிருந்தே இருப்பதால் அதைத் தடுக்கும். 2003இன் சார்ஸ் கிருமியின் புரதத்தை ஆன்டி-ஏ மறிப்பதைச் சோதனைக்கூடத்தில் காட்டினார்கள். இந்த விளக்கத்தை நம் ஊருக்குக் கொண்டுவந்து கணக்குப் போட்டால் சுவாரஸ்யமான விடை வருகிறது. ஐரோப்பாவில் ஏ நாற்பது சதவீதத்தை ஒட்டி, பி பத்தை ஒட்டி. அங்கே பி வகையினருக்குச் சுற்றியிருக்கும் ஏகாரர்களின் வைரஸிலிருந்து நிறையப் பாதுகாப்பு. ஏ வகையினருக்குக் கொஞ்சம்தான். தமிழ்நாட்டில் விகிதம் தலைகீழ்: பிகாரர்கள் அதிகம். ஆகவே இங்கே ஏ வகையினருக்கே பியைவிட அதிகப் பாதுகாப்பு இருக்க வேண்டும். ரோமில் கெட்ட எழுத்து மரக்காணத்தில் சுமாரான எழுத்தாகிவிடும். ஓவின் நன்மை இரண்டு இடத்திலும் நிற்கும். எதிர்ப்பொருளே இல்லாத ஏபி எங்கும் கடைசியில் நிற்கும். இப்போது உண்மைத் தரவைப் பாருங்கள். டில்லி சர் கங்காராம் மருத்துவமனை 2020இல் 2,586 நோயாளிகளைக் கொண்டு செய்த ஆய்வில் ஏயும் பியும் அதிகம் தொற்றின, ஓ குறைவு, அதுவரை சரி. ஆனால் ஏபியும் குறைவு என்று வந்தது. டென்மார்க்கிலும் ஓவை விலக்கிவிட்டால் ஏ, பி, ஏபி மூன்றுக்குள் உருப்படியான வேறுபாடு இல்லை. விளக்கம் எங்கே வெற்றி பெற வேண்டுமோ அங்கேயே இடறுகிறது. ஓவுக்கு ஏதோ இருக்கிறது, அது இந்த எதிர்ப்பொருள் மட்டும் அல்ல என்பதோடு இப்போதைக்கு நிறுத்திக்கொள்வது நேர்மை. ரத்த உறைதலில் ஓ வகையினருக்கு இருக்கும் வேறுபாடு இன்னொரு வேட்பாளர்.

இவ்வளவு சிறிய வேறுபாடாக இருந்தாலும் கோடிக்கணக்கான மக்களில் அது ஆயிரக்கணக்கான உயிர் அல்லவா என்று ஒரு மறுப்பு எழும். எண்ணிக்கை அப்படித்தான். ஆனால் மற்ற வேறுபாடுகளோடு அதைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ராவின் தண்டையார்பேட்டைக் கணக்கில் தடுப்பூசி போடாத 3,544 பேரில் இறந்தவர்கள் 35.5 சதவீதம், போட்ட 3,398 பேரில் 6.3 சதவீதம். ஒரே மருத்துவமனை, ஒரே மருத்துவர்கள், கையில் ஒரு சின்னத் தழும்பு இருந்ததா இல்லையா என்பதுதான் வேறுபாடு. எந்த ரத்த வகை எழுத்தும் இதன் பக்கத்தில் வந்ததில்லை. தழும்பை மாற்றலாம், எழுத்தை மாற்ற முடியாது. மாற்ற முடியாத ஒன்றைப் பற்றிய சிறு ஆபத்தைச் சொல்வது பலருக்குப் பயத்தையும், சிலருக்குத் தேவையில்லாத தைரியத்தையுமே தருகிறது. 'எனக்கு ஓ, வராது' என்று முகக்கவசத்தைக் கழற்றியவருக்குக் கப்பல் கதையைத்தான் சொல்ல வேண்டும். அந்த ஓவேகூட எப்போதும் நண்பன் அல்ல: காலராவில் நீரிழந்து மோசமாவோரில் ஓ வகையினர் அதிகம் என்பது வங்கதேசத்தில் திரும்பத் திரும்பக் கண்டது.

அப்படியானால் இந்த ஆராய்ச்சியே வீண் என்று அர்த்தமா என்பது அடுத்த மறுப்பு. அல்ல. சர்க்கரையை வைரஸ் தொடும் இடத்தில் அது மருந்து செய்பவருக்கு உதவும். எந்தக் குழந்தைக்கு எந்த ரோட்டா வகையால் செய்த சொட்டு பிடிக்கும் என்பது உயிரைப் பற்றிய கேள்வி. எண்ணிக்கை இடத்தில் வேண்டியது இன்னும் ஒரு மருத்துவமனைப் பட்டியல் அல்ல. எத்தனை ஆயிரம் பெயர் சேர்ந்தாலும் தவறான ஆளோடு ஒப்பிட்ட பட்டியல் தவறாகவே பெரிதாகும்.

மரக்காணம் போன்ற கரை இதற்கு நல்ல இடம். புதுச்சேரியில் 1975இல் தொடங்கிய நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு மணி நேரப் பயணத்துக்குள் இருக்கிறது. ஏடிஸ் நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும் என்ற பாடப் புத்தக வாக்கியத்தையும் இங்கே சோதித்துப் பார்க்கலாம். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் சின்னத்தம்பி சுரேந்திரனும் ரஞ்சன் ராமசாமியும் லிட்டருக்கு 15 கிராம் வரை உப்புள்ள உவர்நீரிலும் ஏடிஸ் புழுக்கள் வளர்வதை 2011இல் காட்டியிருக்கிறார்கள். கழிமுகத்தை ஒட்டி வீசியெறிந்த படகு, உடைந்த தெர்மோகோல் பெட்டி, சிமென்ட் தொட்டி எல்லாம் அந்தக் கணக்கில் வந்துவிடும். ஒரு குப்பத்தை முழுதாக எடுத்து, மழைக்கு முன்பே எல்லோருடைய ரத்தத்தையும் எச்சிலையும் வாங்கி வகையும் சுரத்தலும் பார்த்து வைத்துவிட்டு, ஐப்பசி கார்த்திகையில் காய்ச்சல் வந்தவரை அதே வீட்டில் வராத அண்ணன் தம்பியோடு ஒப்பிட வேண்டும். வராதவர் நிஜமாகவே தொற்றாதவரா, தெரியாமல் தொற்றி மீண்டவரா என்பதைத் தை மாதத்தில் மறுபடி ரத்தம் எடுத்து எதிர்ப்பொருள் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். வங்க கிராமங்களில் 1966இல் முடியாமல் போனது இது ஒன்றுதான். பதிவேட்டில் முதல் பத்திகள் வீட்டில் எத்தனை டிரம், அதில் எத்தனைக்கு மூடி, குழாயில் எத்தனை நாளுக்கு ஒரு முறை தண்ணீர், உப்பளத்துக்குப் போகிறவர் விடிகாலையில் எத்தனை மணிக்குக் கிளம்புகிறார், பகலில் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பவை. ஏடிஸ் பகலில் கடிக்கும். ரத்த வகைக்கான பத்தி அவற்றுக்குப் பிறகு, வலது ஓரத்தில்.